தையில் பார்த்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால், என் மனைவி சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவாள்: "உங்களுக்குத்தான். ஜோடியா வந்திருக்காங்க."

நான் வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் மதிப்பீட்டுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். சேலையூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷமான பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். காபி குடித்துவிட்டு, கைப்பேசியை நீட்டி, இன்னும் அஸ்திவாரமே போடாத கட்டடத்தின் ஹாலுக்குள் என்னை நடக்கவைக்கிறார்கள். "சோஃபா எந்தப் பக்கம் அங்கிள்?" "ஓப்பன் கிச்சன் வச்சா தாளிக்கிற வாசனை பெட்ரூம் வரைக்கும் வருமா?" "சாமி ரூம் ஈசானியத்துல வருது, ஓகேதானே?"

எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன். "அந்தத் தெருவை மழையில பார்த்தீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் சிரிப்பார். "மழையில யாரு அங்கிள் வீடு பார்க்கப் போவாங்க?"

யாரும் போவதில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஆட்கள் வீடு தேடுவது பஞ்சாங்கப்படி. ஐப்பசி, கார்த்திகையில் தீபாவளி, அடைமழை, குழந்தைகளுக்குக் காய்ச்சல். மார்கழி ஆகாது. தை பிறந்ததும் கிளம்புவார்கள். தையில் தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருதான் அழகாக இருக்காது? மண் காய்ந்து, புதுப் பெயின்ட் அடித்து, வாசலில் பொங்கல் கோலம் இன்னும் கலையாமல் இருக்கும். மாசியில் அட்வான்ஸ், சித்திரை வைகாசியில் பதிவு, ஆவணியில் பால் காய்ச்சுவார்கள். அடுத்த ஐப்பசியில்தான் அந்த வீட்டை முதன்முதலாக உண்மையில் பார்ப்பார்கள். அப்போது அது அவர்களுடைய வீடு.

எங்கள் குடியிருப்பின் ஆண்டு மலருக்கு, முதல் வீடு வாங்கும் இளம் தம்பதிகளுக்குப் பத்து ஆலோசனைகள் எழுதச் சொன்னார்கள். "சுருக்கமா, ஜாலியா எழுதுங்க சார்." என்னிடம் பத்து இல்லை. இருப்பது ஒன்று. மழை பெய்யும்போது போய்ப் பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி கிடையாது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஜாலியாக இருக்காது.

பொறியியல் படித்தேன். பாலம் கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சில வருஷம் வெயிலில் நின்றேன். பிறகு இந்த வேலை. கடன் கேட்பவர் வாங்கப்போகும் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, அது எவ்வளவு பெறும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். வேலை கற்றுக்கொடுத்தவர் எனக்கு மேலதிகாரியாக இருந்த தயாளன் சார். வண்டலூர்க்காரர். கோபக்காரர் என்று பெயர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை.

வீடு பார்க்கப் போனால் வாங்குகிறவர்களும் விற்கிறவரும் இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பார்கள். தயாளன் சார் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிடுவார். அங்கிருந்து தெருவின் கடைசிவரை நடந்து போவார், திரும்பி வருவார். எங்களுக்காக நிற்பவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். நாய் குரைக்கும். யாராவது வெளியே வந்து, "இன்னா சார், யாரு வேணும்?" என்பார்கள்.

"யாரும் வேணாம்மா. உங்க மோட்டாரு எங்க கீது?"

முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வரும்போது கேட்டேன். நடந்துகொண்டே சொன்னார்.

"வெள்ளம் வந்தா மனுஷன் மாடிக்கு ஏறிடுவான். டிவியத் தூக்கிட்டு ஏறிடுவான். போர் மோட்டாரத் தூக்க முடியாது. ஒரு தடவ முழுகிச்சின்னா எரிஞ்ச காயில மாத்திக் கட்டி ரிப்பேர் பண்ணிக்கினு வந்து, அடுத்த தடவ மேடை கட்டி மேல வச்சிடுவான். ஒரு வூட்ல மேடை இருந்தா அவன் ஜாக்கிரதக்காரன். தெரு பூரா இருந்தா? மேடை எவ்ளோ ஒசரமோ, தண்ணி அவ்ளோ ஒசரம்பா."

மோட்டாருக்குப் பிறகு கரன்ட் மீட்டர்ப் பெட்டி. பெட்டியைத் தொட ஸ்டூல் வேண்டுமென்றால் அதற்கும் காரணம் அதே. பிறகு காம்பவுண்டுச் சுவர்கள்: நாலைந்து வீட்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா? ஒரு வீட்டுச் சுவர் மட்டும் இடுப்புவரை புதுப் பெயின்டாக இருக்கிறதா? கடைசியாகத் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாசலில் ஊற்றுவார். தண்ணீர் ரோட்டுக்கு ஓடுகிறதா, வீட்டுக்குள் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, பாதி வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்ட ஊர் இது. அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்.

கீழ்க்கட்டளையில் ஒரு தரைத்தள ஃபிளாட். வாங்கப்போகும் பெண்ணின் அப்பா காம்பஸ் வைத்து எட்டுத் திசையும் பார்த்து முடித்திருந்தார். தயாளன் சார் தெருவைச் சுற்றிவிட்டு வந்தார். "வாஸ்து புருஷன் எப்படிப் படுத்துகினு கீறார்னு பார்த்துட்டீங்க. சரி. தண்ணி வந்தா உங்க பொண்ணு எங்க படுக்கும்?" என்றார். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல காரியம் பேசற இடத்துல அபசகுனமா வாயைத் திறக்கறாரே, இவரையெல்லாம் யாருங்க அனுப்புறாங்க?" என்று என்னிடம் கத்தினார்.

இங்கேதான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். வீடு பார்ப்பது நல்ல காரியம். நல்ல காரியத்தின் நடுவில் "தண்ணி வருமா, சாக்கடை பொங்குமா" என்று கேட்டால் அபசகுனம். கேட்கிற மருமகளை மாமியார் அடக்குவார். பதில் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், நமக்கேன் பாவம் என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

எங்கள் அறிக்கையின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று கொஞ்சம் இடம் விட்டிருக்கும். எல்லோரும் அதில் 'இல்லை' என்று எழுதுவோம். தயாளன் சார் அதில் மோட்டாரை எழுதுவார், சுவரை எழுதுவார், இடம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார். மேனேஜர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "உங்க குறிப்பைப் படிச்சா கடன் வாங்குறவன் இல்ல சார், குடுக்குற நானே ஓடிடுவேன்" என்று ஒருவர் சொன்னார். "ஓடுங்க, மேட்டுப் பக்கமா ஓடுங்க" என்றார் தயாளன் சார்.

அவர் ஓய்வுபெற்றார். அவருடைய வேலை எனக்கு வந்தது.

பங்குனி மாதம். நிதியாண்டு முடியப் போகிறது. முடிச்சூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தனி வீடு. முரளி என்ற பையன், மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி ஜெயந்தி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தை கடைசியில் பார்த்து, நல்ல நாளில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். முரளியின் அம்மாவும் வந்திருந்தார். நான் போனபோது முரளி ஃபிரிட்ஜ் வைக்கப்போகும் இடத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான்.

நான் தெருமுனையில் வண்டியை நிறுத்தவில்லை. கேட் வரை போய்விட்டேன். ஆனால் பழகிய கண் அல்லவா, தானாக எதிர்வீட்டுக்குள் போயிற்று. இடுப்பளவு செங்கல் மேடை. அதன்மேல் மோட்டார், அதற்கொரு சின்னக் கூரை. பக்கத்து வீட்டிலும் மேடை. மீட்டர்ப் பெட்டி என் தலைக்கு மேல். வாங்கப்போகும் வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் புதுப் பெயின்ட். தயாளன் சாராக இருந்தால் இளநீரைத் தொட்டிருக்க மாட்டார். நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜெயந்தி கேட்டார். "சார், மழைக்கு இந்தத் தெரு எப்படி?"

"நல்ல காரியம் பேசும்போது என்ன கேள்விம்மா இது?" என்றார் மாமியார்.

ஜெயந்தி கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிற டீச்சர் பார்வை.

நான் சொன்னேன்: "அக்கம்பக்கத்துல எல்லாரும் குடித்தனம் இருக்காங்களேம்மா."

அது பொய் கிடையாது. எல்லோரும் குடியிருக்கத்தான் செய்தார்கள். பொய் சொல்லாமல் ஏமாற்ற எனக்கு அப்போது தெரிந்திருந்தது. அந்தப் பெண் முகம் தெளிந்து சிரித்தார். அலுவலகத்துக்கு வந்து, 'பிற குறிப்புகள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பயம் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயமெல்லாம் இல்லை. லஞ்சமும் இல்லை. குறிப்பு எழுதினால் மேனேஜர் கூப்பிடுவார், விளக்கம் கேட்பார், அந்தப் பையன் அலுவலகத்துக்கு வந்து அழுவான், அட்வான்ஸ் திரும்பி வராது. இவ்வளவு தொல்லை எதற்கு என்ற சோம்பல். அதற்கு, 'ஆசையாக வாங்குகிறார்கள், நாம் ஏன் கெடுக்க வேண்டும்' என்று நல்ல சட்டை ஒன்று போட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்துப் பெருவெள்ளம் வந்தது. அந்த டிசம்பரைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும், கடன் கொடுத்த வீடுகளின் நிலையைப் பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். முடிச்சூர்ப் பக்கம் எனக்கு வந்தது. முட்டி வலி என்று சொல்லி, என்னோடு வேலை பார்த்த சேகரிடம் தள்ளிவிட்டேன். மதியச் சாப்பாட்டின்போது சேகர் சொன்னார்: "ஒரு டீச்சர் சார். மொட்டை மாடி பூரா பரீட்சைப் பேப்பரைக் காயப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் மேல கல்லு வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள நெஞ்சளவு நின்னிருக்கு, சுவத்துல கோடு தெரியுது. அதை விட்டுட்டு, 'பிள்ளைங்க மார்க்கு போயிடும் சார்'னு சொல்றாங்க."

நான் டிபன் பாக்ஸை மூடினேன். போய்ப் பார்த்தேனா? இல்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

இந்தத் தை மாதம் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் கார்த்திக்கும் நித்யாவும் வந்தார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், ஒரு தனி வீடு முடிச்சிட்டோம். நாளைக்கு வளர்பிறை முகூர்த்தம், அட்வான்ஸ் குடுக்குறோம். அதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"முடிச்ச பிறகு நான் எதுக்குப்பா வரணும்?"

"உங்க ஆசீர்வாதம் மாதிரி அங்கிள்" என்றாள் நித்யா. எரிச்சலாக வந்தது. இருந்தாலும் காரில் ஏறினேன்.

முடிச்சூர்ச் சாலையிலிருந்து கார் திரும்பியதும் அதே தெரு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். "வெயில்ல எதுக்கு அங்கிள் நடக்கணும்?" என்று கார்த்திக் வாசலுக்கே கொண்டுபோனான்.

கதவைத் திறந்தவர் ஜெயந்தி. தலை பாதி நரைத்திருந்தது. உள்ளே முரளி நாற்காலியில். பக்கவாதம் வந்து இடது கால் சரியாக ஊன்ற முடியவில்லை என்று, வீட்டைக் காட்ட வந்திருந்த புரோக்கர் காதோடு சொன்னார். "தண்ணி வந்தா" என்று ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று, "கால் முடியல, மாடி ஏற முடியாது, அதான் லிஃப்ட் இருக்கிற எடமாப் பார்க்குறாங்க" என்று முடித்தார். எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் மழைக்கு மாடி ஏறித் தப்பித்தவர்கள். இனி முரளியால் ஏற முடியாது. அடுத்த ஐப்பசிக்கு முன் இந்த வீட்டை விற்றுவிட்டுப் போயாக வேண்டும்.

வீடெங்கும் பெயின்ட் வாசனை. கொல்லைப்பக்கம் போனேன். மோட்டார் தரையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் சிமென்ட் புதிதாக, ஈரம்கூட முழுதாகக் காயாமல் இருந்தது. மேடையை இடித்திருக்கிறார்கள். திரும்பினேன். ஜெயந்தி கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தார். நான் எதைப் பார்த்தேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார். யார் நான் என்பதும் அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. சொம்பை என்னிடம் நீட்டாமல் கீழே வைத்தார்.

ஹாலில் நித்யா, "இந்த ஜன்னல்ல மணி பிளான்ட் விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கார்த்திக் என்னைப் பார்த்து, "அங்கிள், ஓகேதானே?" என்றான்.

பேசினால் இந்த வீடு விற்காது. முரளி அடுத்த மழைக்கும் இதே நாற்காலியில் இருப்பார். பேசாவிட்டால் இந்தப் பிள்ளைகள் இன்னொரு முரளியும் ஜெயந்தியும் ஆவார்கள். முரளியின் குடும்பத்தை ஏற்கெனவே ஒருமுறை கவிழ்த்தவன் நான். இரண்டாவது முறையும் கவிழ்ப்பதா? நல்லவனாக இருப்பதற்கு உரிய நேரத்தைத் தவறவிட்டால், பிறகு நல்லவனாக இருப்பதற்குக்கூட வேறு யாராவதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சொன்னேன். "பெருவெள்ளத்துல இந்த ஹாலுக்குள்ள நெஞ்சளவு தண்ணி நின்னுச்சு கார்த்திக். சாதாரண வருஷத்துலயும் முட்டியளவு வரும். இங்க மோட்டாருக்கு மேடை இருந்தது, இப்ப இடிச்சிருக்காங்க."

புரோக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பெரியவரே, இன்னா பேஜாரு பண்றீங்க? நாளைக்கு அட்வான்ஸு. நீங்க யாரோட ஆளு?"

"நான்தான் இந்த வீட்டுக்கு அன்னைக்கு மதிப்புப் போட்டவன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது.

நித்யாவின் முகம் தொங்கிவிட்டது. கார்த்திக் அவளைக் காருக்குக் கூட்டிப் போனான். புரோக்கரும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் மூவர் இருந்தோம்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்மா" என்றேன். "எதிர்வீட்டு மேடையைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும் சார்." ஜெயந்தியின் குரல் உயரவில்லை. "நீங்க அந்த மோட்டாரைப் பார்த்தீங்க. நீங்க பார்க்கறதை நான் பார்த்துக்கிட்டிருந்தேன். எதுக்குப் பார்க்கறீங்கன்னு அப்பப் புரியலை. முதல் மழையில புரிஞ்சுது."

முரளியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அன்னைக்கு வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல திறக்கலை. இன்னைக்குத் திறந்துட்டீங்க. ரெண்டு தடவையும் அடி எங்களுக்குத்தான். எப்படி சார் கரெக்டா பார்த்து அடிக்கறீங்க?"

"விடு ஜெயா" என்றார் முரளி. வார்த்தை கொஞ்சம் குழறியது. "அந்தப் பசங்க தப்பிச்சாங்க."

"தப்பிக்கட்டும். வேணாம்னா சொல்றேன்? மேடையை இடிக்கச் சொல்லி அந்தப் புரோக்கர் சொன்னப்ப எனக்கு ரெண்டு நாள் தூக்கமில்லை. ஆனா நாம எப்பத் தப்பிக்கறது?" பிறகு என்னைப் பார்த்தார். "மன்னிப்பெல்லாம் கேட்டுட்டுப் போயிடாதீங்க சார். அதை வச்சு நான் என்ன செய்ய? வீட்டை வித்துக் குடுங்க. பொய் சொல்லாம வித்துக் குடுங்க. உங்களுக்குத்தான் மதிப்புப் போடத் தெரியுமே."

திரும்பும் வழியில் பெருங்களத்தூர் தாண்டியதும் கார்த்திக் மெதுவாகக் கேட்டான். "அங்கிள், பெரும்பாக்கத்துல ஒரு ஃபிளாட் பார்த்து வச்சிருந்தோம். நாளைக்கு முகூர்த்தம் வீணாப் போகுதே, அதுக்கே அட்வான்ஸ் குடுத்துடலாமா?"

சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர் அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நித்யாதான் சொன்னாள்: "மழை வரட்டும், சும்மா இரு."

அவ்வளவுதான் நான் இதுவரை சாதித்தது.

எழுதியதை ஜெயந்தியிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதால்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். சாதாரண வருஷத்தில் வருவது முட்டியளவு இல்லையாம், தொடையளவாம். "மறுபடியும் குறைச்சு எழுதறீங்க பாருங்க" என்றார். மேடையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

ஆகவே ஆண்டு மலர் வாசகர்களுக்கு: முடிச்சூர்ப் பக்கம் ஒரு தனி வீடு விற்பனைக்கு இருக்கிறது. இரண்டு படுக்கையறை. தெரு தாழ்வு, மழைக்காலத்தில் தொடையளவு தண்ணீர் வரும், ஒரு வருஷம் நெஞ்சளவு வந்தது. இந்தக் கட்டடத்தை நம்பி வாங்காதீர்கள். நிலத்துக்காக வாங்கலாம். மண் கெட்டியான மண், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது, பத்திரத்தில் குறையில்லை. இடித்துவிட்டுத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்ட வசதியுள்ளவர்களுக்குத் தக்க இடம். அதற்கேற்ற விலைதான் கேட்கிறார்கள். அந்த விலையைப் போட்டவன் நான். அவர்கள் மழைக்கு முன் விற்றாக வேண்டும். நீங்கள் மழையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மழையில் தெரியக்கூடிய அத்தனையையும் இங்கேயே எழுதிவிட்டேன்.

தெருமுனையில் இறங்கி நடந்து போங்கள். பகலில் ஜெயந்தி பள்ளிக்கூடம் போயிருப்பார். கேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். முரளி எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.